சயாமின் பெயரை மாற்றியவர்

எங்கள் வீட்டில் தாய்லாந்து என்று ஒரு நாடு இருந்ததில்லை. சயாம்தான் இருந்தது. என் அப்பாவின் அம்மா பிறந்து வளர்ந்தது மலாயாவில், கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஐம்பதுகளின் நடுவில்தான் தாத்தாவோடு சிவகங்கைப் பக்கம் வந்து சேர்ந்தார். அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ரயிலேற்றினார்களாம். "சயாமுக்குப் போச்சு, வரல." அண்ணனைப் பற்றி பாட்டி சொன்னது அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் சொல்வார்: "அண்ணன் சயாமுக்குப் போன ஆறு மாசத்துல சயாமே எங்க தோட்டத்துக்கு வந்துருச்சு." சின்ன வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை. ஒரு நாடு எப்படி ஒரு தோட்டத்துக்கு வரும்?

2018இல் வேலைக்காக பாங்காக் போனேன். நான்கு வருடம் அங்கே இருந்தேன். வாடகை குறைவு என்பதால் நகரத்தின் வடக்கே பாங் கேன் பகுதியில் அறை எடுத்தேன். தினமும் காலையில் பஸ்ஸில் லக்சி ரவுண்டானாவைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு நினைவுத் தூண் இருந்தது. மேம்பாலமும் ரயில்பாதை வேலையும் சூழ்ந்து, பார்க்க ஆளில்லாமல் நின்ற தூண். நானும் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. 2018 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில் அது அங்கே இல்லை. இரவோடு இரவாக எடுத்திருக்கிறார்கள். எங்கே போனது என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டேன். எதற்கும் வாய் நிறையப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் பழைய விஷயம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தூணைத் தேடிப் படிக்கப் போய்த்தான் நான் பிபுனிடம் வந்து சேர்ந்தேன். ஃபீல்டு மார்ஷல் பிளேக் பிபுன்சொங்க்ராம். தாய்லாந்தின் வரலாற்றில் அதிக காலம் பிரதமராக இருந்தவர். 1938 முதல் 1944 வரை ஒரு முறை, 1948 முதல் 1957 வரை மறுமுறை, ஆக மொத்தம் சுமார் 15 ஆண்டுகள். பாட்டி சொன்ன இரண்டு வாக்கியங்களும் இந்த ஒரு மனிதரின் கையெழுத்தில் போய் முடிந்தன.

1897இல் பாங்காக்கை ஒட்டிய நோந்தபுரியில், துரியான் தோட்டம் வைத்திருந்த சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது காதுகள் கண்களின் மட்டத்துக்குக் கீழே இருந்தனவாம். அதனால் 'பிளேக்', அதாவது 'விசித்திரமானவன்' என்று பெயர் வைத்தார்கள். பிபுன்சொங்க்ராம் என்பது குடும்பப் பெயர் இல்லை, மன்னர் ஆட்சி கொடுத்த பட்டம். நம் காதில் ஒரு முறை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்: விபுல சங்கிராமம். விபுலம் என்றால் பரந்தது, சங்கிராமம் என்றால் போர். ராஜேந்திர சோழன் கடாரத்தில் வென்ற அரசனின் பெயர் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்று மெய்க்கீர்த்தி சொல்கிறதே, அதே சங்கிராமம். அந்தக் கடாரம்தான் பாட்டி பிறந்த கெடா. பிற்பாடு பட்டங்களையெல்லாம் ஒழித்தபோது பிபுன் இந்தப் பட்டத்தை மட்டும் விடவில்லை, குடும்பப் பெயராகவே ஆக்கிக்கொண்டார்.

ராணுவக் கல்லூரியில் நன்றாகப் படித்ததால் இருபதுகளில் பீரங்கிப் படைப் பயிற்சிக்கு பிரான்ஸ் அனுப்பினார்கள். அங்கே பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரிடி பனோம்யோங்கைச் சந்தித்தார். 1927 பிப்ரவரியில் ஏழு சயாம் இளைஞர்கள் பாரிஸில் ஒரு வாடகை அறையில் கூடி, எல்லையற்ற முடியாட்சியை முடிவுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். அப்போது பிபுனுக்கு வயது 29, பிரிடிக்கு 26. ஊர் திரும்பி ஐந்தே வருடத்தில் செய்தும் காட்டினார்கள். 1932 ஜூன் 24 விடியற்காலையில் படைகள் அரண்மனைச் சதுக்கத்தில் கூடின. மன்னர் பிரஜாதிபோக் ஹுவா ஹின் கடற்கரையில் ஓய்வில் இருந்தார். பெரிதாக ரத்தம் சிந்தாமல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. பிபுன் அன்று ஒரு மேஜர்தான். முன்னே நின்றவர்கள் மூத்த கர்னல்கள்.

அவரை முன்னே கொண்டுவந்தது அடுத்த ஆண்டு நடந்த சண்டை. 1933 அக்டோபரில் இளவரசர் போவரதேத் தலைமையில் வடகிழக்கிலிருந்து படை திரண்டு வந்து டான் முவாங் விமான நிலையத்தைப் பிடித்தது. அரசுப் படைகளை நடத்தி அதை முறியடித்தவர் பிபுன். அந்தச் சண்டையில் அரசுத் தரப்பில் இறந்த 17 பேருக்காக 1936இல் எழுப்பியதுதான் லக்சி ரவுண்டானாவில் நின்ற தூண். அரசியலமைப்பைக் காத்தவர்களின் தூண். நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போனது அதைத்தான்.

அதற்குப் பிறகு அவரைக் கொல்ல மூன்று முயற்சிகள் நடந்தன. 1935இல் சனாம் லுவாங் மைதானத்தில் கால்பந்தாட்டம் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது சுட்டார்கள். குண்டு கழுத்திலும் தோளிலும் பாய்ந்தது, பிழைத்தார். 1938 நவம்பரில் வீட்டு வேலைக்காரரே துப்பாக்கியோடு துரத்தினார். அடுத்த மாதம் மதியச் சாப்பாட்டில் விஷம். அதே டிசம்பரில் பிரதமரானார். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே கைதுகள் தொடங்கின. தனி நீதிமன்றம் ஒன்று விசாரித்து 18 பேரைச் சுட்டுக் கொல்ல வைத்தது. பழைய புரட்சித் தோழர் பிரயா சோங் சுரதேத் நாடு கடத்தப்பட்டு கம்போடியாவில் இறந்தார். கொலை முயற்சிக்குப் பதில் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எதிரிகளை மொத்தமாக ஒழிக்கக் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். முடியாட்சியை ஓர் அரசியலமைப்புச் சட்டத்தால் எதிர்க்கலாம் என்று நம்பிய பாரிஸ் இளைஞன் இந்த இடத்தில் காணாமல் போகிறான்.

அப்புறம் ஆரம்பித்தது ஆணைகளின் காலம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். பாங்காக்கில் நான் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் இந்த ஆணைகளுக்குள்தான் வாழ்ந்திருக்கிறேன், தெரியாமலே.

1939 ஜூன் 24, புரட்சியின் ஏழாவது ஆண்டு நாள். 'ரத்தநியோம்' என்ற பெயரில் முதல் கலாச்சார ஆணை வந்தது: இனி நாட்டின் பெயர் சயாம் இல்லை, தாய்லாந்து. 1942 வரை இப்படி 12 ஆணைகள். தேசிய கீதத்துக்கும் கொடிக்கும் எல்லோரும் நின்று மரியாதை செய்ய வேண்டும். உள்நாட்டுப் பொருள்களையே வாங்க வேண்டும். எல்லோரும் தாய்லாந்து மொழி படிக்க வேண்டும். ஒரு நாளை எப்படிப் பிரித்து வேலை, சாப்பாடு, தூக்கம் என்று வைத்துக்கொள்வது என்பதற்குக்கூட ஓர் ஆணை இருந்தது. எப்படி உடுத்துவது என்பதற்கு ஒன்று. வெற்றிலை பாக்கு போடுவது தடை செய்யப்பட்டது. ஆணும் பெண்ணும் தொப்பி போட வேண்டும், தொப்பிதான் தாய்லாந்தை வல்லரசாக்கும் என்று முழக்கம். தொப்பி இல்லாமல் வந்தவர்களை அரசு அலுவலகங்களில் திருப்பி அனுப்பினார்கள். வானொலியில் தினமும் மாலை இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். மான், கோங் என்று இரண்டு கற்பனைப் பாத்திரங்கள். ஒருவர் சந்தேகம் கேட்பார், மற்றவர் அரசு சொல்வது ஏன் சரி என்று விளக்குவார். 'தலைவரை நம்பு, நாடு தப்பிக்கும்' என்று பத்திரிகைகளில் அச்சிட்டார்கள்.

இதில் ஒரு கிழவியின் இடத்தில் இருந்து பார்க்க முயன்றிருக்கிறேன். வாழ்நாள் முழுக்க வெற்றிலை போட்டவர். இடுப்பில் பனுங் கட்டியவர். ஒரு நாள் கிராம அதிகாரி வந்து வெற்றிலைக்கொடியை வெட்டச் சொல்கிறார், தலையில் தொப்பி வைக்கச் சொல்கிறார். நாகரிகமான நாடு என்று வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டால்தான் அவன் நம்மைப் பிடிக்க மாட்டான் என்பது பிபுனின் கணக்கு. மேற்கே பர்மாவும் தெற்கே மலாயாவும் ஆங்கிலேயர் கையில், கிழக்கே இந்தோசீனா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தது அந்தக் கிழவிதான்.

எல்லாம் அவரோடு போய்விட்டதா என்றால், இல்லை. தொப்பி போய்விட்டது. 1942இல் எழுத்துகளைக் குறைத்து எளிதாக்கினார், 44 மெய்யெழுத்துகளை 31 ஆக்கினார். அதுவும் 1944இல் அவரோடு போய்விட்டது. ஆனால் வருடப் பிறப்பு போகவில்லை. அதுவரை தாய்லாந்தில் ஏப்ரல் 1தான் ஆண்டின் முதல் நாள். அதை ஜனவரி 1க்கு மாற்றியதால் புத்த ஆண்டு 2483க்கு, அதாவது 1940க்கு, ஒன்பது மாதங்கள்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்த ஆண்டில் கிடையவே கிடையாது. அந்தக் காலத்து ஆட்களின் பிறந்த தேதியைக் கணக்குப் போடும்போது இன்னும் இந்தச் சிக்கல் வரும்.

'சவாதி' என்ற வணக்கமும் போகவில்லை. சூலலோங்கோன் பல்கலைக்கழகத்தில் ஒரு மொழி அறிஞர் உருவாக்கிய சொல் அது. பிபுன் அரசுதான் 1943இல் நாடு முழுவதற்குமான வணக்கமாக அதை ஆக்கியது. அதற்கு முன்பு அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சாப்பிட்டாச்சா', 'எங்கே போறீங்க' என்பதுதான், நம் ஊர் போலவே. சவாதி என்பது ஸ்வஸ்தி. நம் கோயில் சுவர்களில் கல்வெட்டு தொடங்கும் 'ஸ்வஸ்திஸ்ரீ' இருக்கிறதே, அதே சொல். தெருமுனைக் கடையில் பழம் நறுக்கித் தரும் அம்மா தினமும் இரண்டு கையையும் கூப்பி அதைச் சொல்வார். ஒரு நாள் அவரிடம் இந்தச் சொல்லை வழக்கமாக்கியது யார் தெரியுமா என்று கேட்டேன். யாரோ ராஜா, அந்தக் காலத்தில், என்றார்.

பாட் தாய் என்ற நூடுல்ஸ் உணவும் அப்படித்தான். நூடுல்ஸ் சீனர்கள் கொண்டுவந்தது. போர்க்காலத்தில், 1942 வெள்ளத்தின் சமயத்தில், அரிசியை மிச்சம் பிடிக்கவும் சிறு வியாபாரத்தை வளர்க்கவும் நூடுல்ஸ் சாப்பிடுங்கள், தள்ளுவண்டியில் விற்றுப் பிழையுங்கள் என்று அரசு மக்களை ஊக்குவித்தது. அந்த அலையில்தான் பாட் தாய் தேசிய உணவாகப் பரவியது. அதே அரசு சீனப் பள்ளிகளை மூடியது, பல தொழில்களைச் சீனர்கள் செய்யக் கூடாது என்று ஒதுக்கியது. தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு அதைச் சமைத்தவரைத் தள்ளி வைப்பது. இது எனக்கு ஒவ்வொரு முறை பாட் தாய் சாப்பிடும்போதும் உறுத்தும்.

சரி, போருக்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படைகள் தாய்லாந்தின் தெற்குக் கடற்கரையில் சோங்க்லா, பட்டாணி முதலிய இடங்களில் இறங்கின. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் வழி வேண்டும் என்பது கோரிக்கை. அந்த இரவு பிபுன் தலைநகரிலேயே இல்லை, கிழக்கு எல்லைப் பக்கம் போயிருந்தார். அமைச்சர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். தெற்கே பள்ளி மாணவப் படையினர்கூடத் துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்து சேர்ந்த பிபுன் சண்டையை நிறுத்தச் சொன்னார். டிசம்பர் 21இல் மரகத புத்தர் கோயிலில் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம். 1942 ஜனவரி 25இல் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர்ப் பிரகடனம். வாஷிங்டனில் இருந்த தூதர் செனி பிரமோஜ் அந்தப் பிரகடனத்தைக் கொடுக்க மறுத்து, சுதந்திரத் தாய்லாந்து இயக்கத்தைத் தொடங்கினார். உள்நாட்டில் அதன் தலைவராக இருந்தவர் பிபுனின் பழைய பாரிஸ் நண்பர் பிரிடி. இரண்டு நண்பர்களும் இப்போது போரின் இரண்டு பக்கம்.

போர் நிறுத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாத படை அது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கட்டாயத்தால் மட்டும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கனவே 1940-41இல் பிரெஞ்சு இந்தோசீனாவோடு சண்டை போட்டு, ஜப்பான் மத்தியஸ்தம் செய்ய, கம்போடியாவிலும் லாவோஸிலும் நிலம் வாங்கியிருந்தார். ஜப்பான் ஜெயிக்கும் என்று நம்பினார். இன்னும் நிலம் வரும் என்று நம்பினார்.

பர்மாவுக்குப் படைக்கலன் கொண்டுபோக ஜப்பானுக்கு ரயில்பாதை தேவைப்பட்டது. பிபுன் அரசு 1942இல் அதற்கு ஒப்புதல் தந்தது. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் என்கிறார்கள், இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். எண்ணி வைத்தவர்கள் யாரும் இல்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பசி. லயத்து வரிசை வீடுகளில் தோட்டக் கணக்கரான கிராணி பெயர் வாசித்துக் கூப்பிட, துணிமூட்டையோடு கிளம்பிப் போனவர்கள்.

தாய்லாந்து மக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1942 டிசம்பரில் பான் போங்கில் ஒரு பிக்கு போர்க்கைதிகளுக்கு சிகரெட் கொடுத்தார். ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அன்று இரவே தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஜப்பானியர்களைத் தாக்கினார்கள், இரு தரப்பும் மோதியதில் ஜப்பானியச் சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள். ஆள்பவர்கள் கோயிலில் கையெழுத்துப் போட்டபோதும் கீழே இருந்தவர்கள் அறை வாங்கியவரின் பக்கம் நின்றார்கள்.

ரயில்பாதையின் இரண்டு முனைகளும் 1943 அக்டோபர் நடுவில் காட்டுக்குள் இணைந்தன. ஏறக்குறைய அதே நாட்களில்தான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு என்ற நான்கு மலாய் மாநிலங்களையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. கூட்டாளிக்குப் பரிசு. ராணுவம் ஜப்பானுடையது, ஆனால் அலுவலகங்களில் தாய்லாந்து அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். கெடாவுக்கு சைபுரி என்ற பெயர் வந்தது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பும்வரை அப்படியே.

இந்த வரியை பாங்காக் அறையில் இரவு பதினொரு மணிக்குப் படித்தேன். அண்ணன் சயாமுக்குப் போன ஆறு மாசத்துல சயாமே எங்க தோட்டத்துக்கு வந்துருச்சு. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மாதக் கணக்குகூடச் சரியாகவே சொல்லியிருக்கிறார். முப்பது வருடமாக அதை ஒரு கிழவியின் குழப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது, இனி மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

அடுத்த மாதமே காஞ்சனபுரி போனேன். ஊர் நடுவில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. புல் ஒட்ட வெட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக நடந்து படித்தேன். 22, 24, 19. பாட்டியின் அண்ணனுக்கும் போகும்போது இருபதுக்குள்தான் இருக்கும். அவருக்கு அங்கே கல் இல்லை. தமிழர்கள் யாருக்கும் அந்த வரிசையில் கல் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். இருவரும் அதிகம் பேசவில்லை.

பிபுனையும் கடைசியில் காடுதான் கவிழ்த்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து தலைநகரை வடக்கே பெட்சபூன் மலைக்காட்டுக்கு மாற்றத் திட்டமிட்டார். சாலை போடவும் கட்டடம் கட்டவும் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுத்தார்கள். மலேரியாவில் ஏராளமானவர்கள் செத்தார்கள். 1944 ஜூலையில் நாடாளுமன்றம் அந்த மசோதாவைத் தோற்கடிக்க, பதவி விலகினார். போர் முடிந்ததும் போர்க்குற்றவாளி என்று சிறை. சட்டம் வருவதற்கு முன் நடந்ததற்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1946இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாட்டின் பெயரும் இடையில் மறுபடி சயாம் ஆனது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. ஆனால் 1946 ஜூனில் இளம் மன்னர் ஆனந்த மகிதோல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். பழி பிரிடி மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பிரிடி தப்பி ஓடினார், 1948 ஏப்ரலில் பிபுன் மறுபடி பிரதமர். 1949இல் நாடு மறுபடி தாய்லாந்து. ஜப்பானோடு நின்றவர் இப்போது அமெரிக்காவின் நண்பர். கொரியப் போருக்குப் படையும் அரிசியும் அனுப்பினார், டாலரும் ஆயுதமும் வந்தன. ஆனால் இந்த முறை அதிகாரம் அவர் கையில் முழுதாக இல்லை. ஒரு பக்கம் போலீஸ் தலைவர் பாவ் ஸ்ரியானோன், மறுபக்கம் ராணுவத்தின் சாரித் தனரத். பாவின் போலீஸ் காவலில் இருந்தபோதே 1949இல் முன்னாள் அமைச்சர்கள் உட்பட அரசியல்வாதிகள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிபுன் பிரதமராக இருந்தார், அவ்வளவுதான்.

அவருடைய நிலையைக் காட்ட 1951 ஜூன் 29ஐச் சொன்னால் போதும். சாவோ பிரயா ஆற்றுத் துறையில் ஒரு விழா. அமெரிக்கா கொடுத்த 'மன்ஹாட்டன்' என்ற தூர்வாரும் கப்பலை ஏற்றுக்கொள்ள பிபுன் வந்திருந்தார். வெளிநாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடற்படை அதிகாரி ஒருவர் துப்பாக்கியோடு வந்து பிரதமரைப் பிடித்து, ஆற்றில் நின்ற 'ஸ்ரீ அயோத்தியா' போர்க்கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார். அது கடற்படையின் தலைமைக் கப்பல். கடற்படையின் ஒரு பகுதி செய்த கலகம். பிரதமர் கையில் இருந்தால் ராணுவம் பேச்சுவார்த்தைக்கு வரும் என்று கணக்குப் போட்டார்கள். ராணுவம் வரவில்லை. கரையிலிருந்து சுட்டது. விமானப்படை பிரதமர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே கப்பல் மேல் குண்டு போட்டது. கப்பல் தீப்பற்றி மூழ்கத் தொடங்கியது. 54 வயதை நெருங்கிய ஃபீல்டு மார்ஷல் ஆற்றில் குதித்து, தன் ஆட்களின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நீந்திக் கரையேறினார்.

அன்று இரவு அவர் என்ன நினைத்திருப்பார் என்று பல முறை யோசித்திருக்கிறேன். தன்னை மீட்க வந்தவர்களுக்குத் தன் உயிர் ஒரு பொருட்டே இல்லை என்று ஒரு மனிதனுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, அடுத்த நாள் காலை அதே ஆட்களோடு எப்படி ஒரே மேசையில் உட்காருவது? உட்கார்ந்தார். இன்னும் ஆறு வருடம் உட்கார்ந்தார்.

1955இல் உலகம் சுற்றிவிட்டு வந்தார். லண்டன் ஹைட் பார்க்கில் யார் வேண்டுமானாலும் நின்று அரசைத் திட்டலாம் என்பதைப் பார்த்துவிட்டு, சனாம் லுவாங் மைதானத்தில் அதே போல மக்களைப் பேச அனுமதித்தார். கட்சிகளை அனுமதித்தார், பத்திரிகையாளர்களை வாராவாரம் சந்தித்தார். மக்கள் ஆதரவை வைத்து பாவையும் சாரித்தையும் சமாளிக்கப் பார்த்தார் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் பாரிஸ் அறையில் 29 வயதில் தீர்மானம் எடுத்தவன் கொஞ்சம் எட்டிப் பார்த்ததாக நான் நம்ப விரும்புகிறேன். எட்டிப் பார்த்தவன் நிலைக்கவில்லை. 1957 பிப்ரவரித் தேர்தலில் அவர் கட்சி செய்த மோசடி நாடறிந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பர் 16இல் சாரித் ஆட்சியைப் பிடித்தார். பிபுன் காரில் கிழக்கு எல்லைக்குப் போய், படகில் கம்போடியா சேர்ந்து, பிறகு ஜப்பானில் தங்கினார்.

1960இல் இந்தியா வந்து புத்தகயாவில் தலையை மழித்துத் துறவு பூண்டார். அங்கே அவர் அரசு தொடங்கிய தாய்லாந்துக் கோயில் இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து ஜப்பானுக்கே திரும்பினார். 1964 ஜூன் 11இல் டோக்கியோவுக்கு அருகே சகமிஹாராவில் இறந்தார். பிரிடியும் ஊர் திரும்பவில்லை, 1983இல் பாரிஸில் இறந்தார். ஒன்றாகத் தொடங்கிய இருவரும் அந்நிய மண்ணில்.

நான் பாங்காக்கில் இருந்த நாட்களில் பிபுனின் அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1932 புரட்சி நடந்த இடத்தில் பதித்திருந்த பித்தளைத் தகடு நான் வருவதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஏப்ரலில், காணாமல் போயிருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவரும் ஒரு ராணுவத் தளபதிதான், பிரயுத் சான்-ஓ-சா. பிறகு லக்சி தூண். 2020 ஜனவரியில் லோப்புரி பீரங்கிப் படை முகாமில் இருந்த பிபுன் சிலை. அந்த முகாமுக்கு இருந்த அவர் பெயரையும் மாற்றி மன்னர் பூமிபோலின் பெயரை வைத்தார்கள். முடியாட்சியைக் குறைத்தவர்கள் நினைவில் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். அவர் செய்த பாவங்களுக்காக அவரை அகற்றியிருந்தால் நான் வருத்தப்பட மாட்டேன். அகற்றியது அவர் செய்த ஒரே நல்ல காரியத்துக்காக.

2022இல் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் வாட் பிரா ஸ்ரீ மகாதாட் கோயிலுக்குப் போனேன். என் அறையிலிருந்து நடக்கிற தூரம்தான், நான்கு வருடமாகப் போகவில்லை. பிபுன் அரசு கட்டியது. ஜனநாயகக் கோயில் என்று முதலில் பெயர் வைக்க நினைத்தார்களாம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த புத்தரின் எச்சமும் போதிமரக் கன்றும் அங்கே உண்டு. வெள்ளைக் கோபுரத்துக்குள் வட்டச் சுவர் முழுக்கச் சிறு மாடங்கள், 1932ஐ நடத்தியவர்களின் சாம்பல். ஒவ்வொன்றிலும் பெயர். அவருடையதும் அங்கே இருந்தது. நான் கொஞ்ச நேரம் முன்னால் நின்றேன். வேறு யாரும் இல்லை. வெளியே வந்து ரயில் நிலையப் படியேறியபோது மணி ஆறு, ஒலிபெருக்கியில் தேசிய கீதம். படிக்கட்டில் பாதி ஏறியவர்கள், டிக்கெட் எடுக்க நின்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே அசையாமல் நின்றார்கள். நானும் நின்றேன்.

அன்று இரவு அப்பாவிடம் போனில் எங்கே போயிருந்தேன் என்று சொன்னேன்.

"யாரு, அம்மா சொல்லுமே, அந்தச் சயாம்காரனா?"

"ஆமாப்பா."

"கும்பிட்டியா?"

"இல்லப்பா. நின்னு பார்த்துட்டு வந்தேன்."

"சரி" என்றார். பிறகு, பெட்டியில் எத்தனை கிலோ வரைக்கும் விடுவார்கள் என்று கேட்டார்.